தூங்க வைக்காத பதற்ற மாத்திரை

மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவனுக்கு ஒரு விஷயம் மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும்: எந்த மாத்திரையை ஆட்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது. சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும், ஒரே ஒரு அட்டை வாங்கிப் போவார்கள், அடுத்த அட்டைக்கு வரவே மாட்டார்கள். எங்கள் கடையில் அப்படிப் பாதியில் கைவிடப்படுகிற மாத்திரைகளில் முன்வரிசையில் இருப்பது பஸ்பிரோன். பதற்றத்துக்கான மருந்து. நல்ல மருந்து. ஆனால் போட்டவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணுமே தெரியலயே."

அந்த 'ஒண்ணுமே தெரியல' என்பதற்குப் பின்னால் இருக்கும் மருந்தியலை யாராவது அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தொடர்ந்து போட்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நமக்குப் பழகிய மாத்திரைகளைப் பார்த்துவிடலாம். அல்பிரசோலம், டயசிபம், குளோனசிபம் எல்லாம் பென்சோடயசிபைன் என்ற ஒரே குடும்பம். 1960-இல் குளோர்டயசிபாக்ஸைடு வந்தது, 1963-இல் வேலியம் என்ற பெயரில் டயசிபம் வந்தது, அதிலிருந்து பதற்றத்துக்கு மருந்து என்றாலே உலகம் முழுக்க இந்தக் குடும்பம்தான் என்றாகிவிட்டது. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, நரம்பு செல்களின் துடிப்பை அடக்குவது அதன் வேலை. காபா தன் ஏற்பியில், அதாவது செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில், ஒட்டும்போது குளோரைடு உள்ளே போகும் வழி திறக்கும், செல் அடங்கும். பென்சோடயசிபைன் அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு காபாவின் பிடியை இன்னும் வலுவாக்குகிறது. காபா மூளையில் இல்லாத இடமே கிடையாது என்பதால் பயம் மட்டும் குறைவதோடு நிற்காது; தூக்கம் வரும், தசை தளரும், வலிப்பு நிற்கும், ஞாபகம் மங்கும், நடை தடுமாறும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பே சொல்லிவிடும், மாத்திரை இறங்கிவிட்டது என்று.

இந்த 'இறங்கிவிட்டது' என்ற உணர்வுதான் சிக்கல். இதைப் பத்து நாள் அனுபவித்தவருக்கு மருந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு பஸ்பிரோன் போட்டால் கண் சொக்காது, கை கால் தளராது, காலையில் எழுந்து பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் அனுமதிக்காகக் கொடுத்த சோதனை விவரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: பஸ்பிரோன் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் 9 சதவீதம் பேருக்கு வந்தது. வித்தியாசம் என்று சொல்லவே முடியாத அளவு. தலைச்சுற்றல்தான் கூடுதல்: பஸ்பிரோனில் 12 சதவீதம், வெற்று மாத்திரையில் 3.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்தார், ஐம்பது வயது இருக்கும். கையில் அட்டை, அதில் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது.

"தம்பி, இத ஒரு வாரமாப் போடுறேன். நெஞ்சு படபடப்பு அப்படியேதான் இருக்கு. தூக்கமும் வரல. முன்னாடி கொடுத்த சின்ன மாத்திரையையே கொடுத்துருங்களேன், அது போட்டா அரை மணி நேரத்துல கேட்டுரும்."

"அம்மா, இது தூங்க வைக்கிற மாத்திரை இல்ல. போட்ட அன்னைக்கே கேக்காது. ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும், சிலருக்கு நாலு வாரம்கூட ஆகும்."

"டாக்டர் அதெல்லாம் சொல்லலயே தம்பி."

சொல்லியிருப்பார், இவர் காதில் விழுந்திருக்காது. அல்லது வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல நேரம் இருந்திருக்காது. யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, ஏன் தாமதமாகிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அதையே இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பஸ்பிரோன் பதற்றத்துக்காகப் பிறந்த மருந்தே இல்லை. 1968-இல் அமெரிக்காவின் மீட் ஜான்சன் நிறுவனத்தில் இதை உருவாக்கினார்கள், அப்போது தேடியது மனச்சிதைவு நோய்க்கு மருந்து. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் டி2 ஏற்பியை இது தடுக்கும் என்பதால் அந்த எதிர்பார்ப்பு. அந்த நோய்க்கு இது உதவவில்லை. ஆனால் மூர்க்கமாக இருந்த ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவை சாந்தமாகின, தூங்கி வழியவில்லை. அங்கேதான் பாதை திரும்பியது. 1986 செப்டம்பர் 29 அன்று பதற்றத்துக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பென்சோடயசிபைன் அடிமைத்தனம் பற்றி மருத்துவ உலகம் உரக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காபா பக்கமே போகாமல் பதற்றத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை வந்தது அப்போது பெரிய செய்தி.

காபாவைத் தொடாமல் எப்படிக் குறைக்கிறது? மூளையின் இன்னொரு வேதிப்பொருளான செரடோனின் வழியாக.

செரடோனினுக்கு மூளையில் ஒரு டஜனுக்கு மேல் ஏற்பி வகைகள் இருக்கின்றன. பஸ்பிரோன் முக்கியமாகப் பிடிப்பது 5-ஹெச்டி1ஏ என்ற ஒன்றை. இந்த ஏற்பி இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டு இடத்திலும் வேலை வேறு. ஓர் இடம் மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியில் செரடோனினை உற்பத்தி செய்யும் செல்களின் மேலேயே. அங்கே இது ஒரு காவல் ஏற்பி: வெளியே செரடோனின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தச் செல்லின் துடிப்பைக் குறைக்கும். இன்னோர் இடம் செரடோனினைப் பெற்றுக்கொள்ளும் பக்கம், ஹிப்போகாம்பஸ், பெருமூளைப் புறணி போன்ற பகுதிகளில். பதற்றம் தணிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தின் வழியாக.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வைத்திருப்பார்கள் இல்லையா, தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். ராஃபேயில் இருக்கும் 5-ஹெச்டி1ஏ அந்த சென்சார்தான். பஸ்பிரோன் போய் அதில் உட்கார்ந்ததும் சென்சார் தொட்டி நிரம்பிவிட்டது என்று ஏமாந்து மோட்டாரை நிறுத்துகிறது. அதாவது முதல் நாட்களில் செரடோனின் செல்களின் துடிப்பு குறைகிறது, கூடவில்லை! தினமும் மருந்து வந்துகொண்டே இருந்தால் அந்த சென்சார் மெல்ல மெல்ல உணர்ச்சி குறைந்து, பொய்யான தகவலுக்குக் காது கொடுப்பதை நிறுத்துகிறது. மோட்டார் மறுபடி ஓடத் தொடங்குகிறது. இப்போது செரடோனினும் வருகிறது, மறுமுனையில் இருக்கும் ஏற்பிகளில் பஸ்பிரோனும் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாற்றம் நடக்க எடுக்கும் காலம்தான் அந்த இரண்டு, மூன்று, நான்கு வாரம் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் தாமதமாக வேலை செய்வதற்கும் ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ராஃபே பக்கத்தில் பஸ்பிரோன் அந்த ஏற்பியை முழுமையாக இயக்குகிறது, மறுமுனையிலோ பகுதியளவுதான் இயக்குகிறது. மருந்தியலில் இதைப் பகுதி இயக்கி என்போம். செரடோனின் குறைவாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும், அதிகமாக இருக்கும் இடத்தில் அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறக்கும். ஒரே மூலக்கூறு இடத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது.

அப்புறம், கல்லீரல் பஸ்பிரோனை உடைக்கும்போது 1-பிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பொருள் உண்டாகிறது. இரத்தத்தில் இதன் அளவு தாய் மருந்தைவிட அதிகம். இது, நம்மை விழிப்பாக வைக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஆல்ஃபா-2 ஏற்பியைத் தடுக்கும், அதனால் நார்அட்ரினலின் பக்கம் துடிப்பு குறையாமல், சொல்லப்போனால் கூடுகிறது. பென்சோடயசிபைன் அந்தப் பக்கத்தை அமுக்கிவிடும். பஸ்பிரோன் போட்டவர் விழிப்பாக இருப்பதற்கும், ஆரம்ப நாட்களில் சிலருக்கு லேசான பரபரப்பு வருவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். முதல் வாரத்தில் "மாத்திரை போட்ட பிறகு கூடத்தான் ஆகுது" என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஆனால் மருந்து தவறு என்று அன்றே முடிவு கட்டவும் கூடாது.

சரி, இனி கல்லீரல் விஷயத்துக்கு வருகிறேன். கவுண்டரில் நிற்பவனுக்கு மிக முக்கியமான பகுதி இது.

விழுங்கிய பஸ்பிரோனில் இரத்த ஓட்டத்துக்கு மாறாமல் போய்ச் சேருவது சராசரியாக 4 சதவீதம். நான்கே நான்கு. மீதி 96 சதவீதம் குடல் சுவரிலும் கல்லீரலிலும் முதல் சுற்றிலேயே உடைந்துவிடுகிறது. 20 மில்லிகிராம் விழுங்கினால் இரத்தத்தில் உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 6 நானோகிராம் வரை, அதுவும் 40 முதல் 90 நிமிடத்துக்குள் வந்து, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பொதுவாக 7.5 மில்லிகிராம் இரண்டு வேளையில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் கூட்டிக்கொண்டு போவார்கள், பலருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் போதும், உச்ச அளவு 60.

4 சதவீதம் மட்டுமே தப்பிப் போகும் ஒரு மருந்தில் சின்ன மாற்றமும் பெரிய மாற்றம். அந்த 4 என்பது 8 ஆனால் இரத்தத்தில் மருந்து இரட்டிப்பு. சாப்பாட்டோடு போட்டாலே மொத்த அளவு 84 சதவீதம் கூடுகிறது, உச்ச அளவு இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதைவிட எப்போதும் ஒரே மாதிரி என்பதுதான் இதில் முக்கியம். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வெறும் வயிற்றில், ராத்திரி தோசை சாப்பிட்டு முடித்து என்று மாற்றி மாற்றிப் போடுகிறவருக்கு ஒருவேளை தலை சுற்றும், இன்னொருவேளை ஒன்றும் இருக்காது, "இந்த மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார். நான் கவரில் சாப்பாட்டுக்கு முன் அல்லது பின் என்று ஒன்றை டிக் அடித்து, அதை மாற்ற வேண்டாம் என்று வாய்விட்டும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இதை உடைக்கும் என்சைமின் பெயர் சிஒய்பி3ஏ4. அதைத் தடுக்கிற எதைச் சேர்த்துப் போட்டாலும் பஸ்பிரோன் எகிறிவிடும். எரித்ரோமைசின் ஆறு மடங்கு ஏற்றும். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் 19 மடங்கு. நம்மூரில் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் எழுதாத சீட்டு இப்போது அபூர்வம். அரிப்பு என்று தோல் மருத்துவரிடம் போகிறவர் பதற்றத்துக்கு மாத்திரை போடுவதைச் சொல்வதே இல்லை, கூச்சம். இரத்த அழுத்தத்துக்கு டில்டியாசெம் போடுகிறவருக்கு ஐந்தரை மடங்கு. கிரேப்ஃப்ரூட் சாறு ஒன்பது மடங்கு. இது நாம் சாப்பிடும் திராட்சை கிடையாது, பப்ளிமாஸின் உறவுக்காரப் பழம். பப்ளிமாஸிலும் அதே வகைப் பொருட்கள் இருப்பதால் பஸ்பிரோன் போடுகிறவர்கள் அதையும் தவிர்த்துவிடச் சொல்கிறேன். கல்லீரல் கெட்டவர்களுக்கு 13 மடங்கு, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு 4 மடங்கு என்று ஏறும், அவர்களுக்கு இதைக் கொடுப்பதே பெரும்பாலும் சரியில்லை.

எதிர்ப் பக்கமும் உண்டு, நம் நாட்டில் அதுதான் எனக்கு அதிகக் கவலை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த என்சைமைத் தூண்டிவிடும், பஸ்பிரோன் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்துவிடும். 4 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு! ஆறு மாத காசநோய் மருந்தில் இருக்கும் ஒருவருக்கு பஸ்பிரோன் கொடுத்தால் சுண்ணாம்பு மாத்திரை கொடுத்ததற்குச் சமம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட் இன்னும் ஆபத்து, அது செரடோனினை உடைக்கும் எம்ஏஓ என்சைமையும் தடுக்கும் என்பதால் பஸ்பிரோனோடு சேர்ந்தால் செரடோனின் எல்லை மீறிப் போகலாம். அந்தச் சேர்க்கை கூடவே கூடாது. காசநோய் வந்தவருக்குப் பதற்றம் வராதா? வரும், நிறைய வரும். அதனால் இரண்டு சீட்டும் ஒரே கண்ணில் பட வேண்டும்.

இந்த உடைபடும் கதையில் ஒரு வழக்குக் கதையும் இருக்கிறது. 2000 நவம்பரில் பஸ்பிரோன் காப்புரிமை முடியும் நேரத்தில், மருந்தை வைத்திருந்த பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம், பஸ்பிரோன் உடலுக்குள் போனதும் உண்டாகும் ஒரு சிதைபொருள் தொடர்பான புதுக் காப்புரிமையைப் பதிவில் சேர்த்து, மற்ற நிறுவனங்களின் மலிவான மாத்திரைகள் வருவதைத் தடுத்தது. வழக்கு நடந்து, 2001-இல்தான் அவை கடைக்கு வந்தன. விழுங்குகிறவரின் கல்லீரல் செய்கிற வேலைக்கு உரிமை கேட்டது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

இனி அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்: பழைய சின்ன மாத்திரை கேட்டது, இது ஏன் கேட்கவில்லை? இதை மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே கவனித்தார்கள். மருந்துக்கு அனுமதி வந்த அதே 1986-இல், முன்பு பென்சோடயசிபைன் போட்டவர்களுக்கு பஸ்பிரோன் சரியாக எடுபடவில்லை என்று ஷ்வைசர், ரிக்கல்ஸ், லக்கி ஆகிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2000-இல் வந்த இன்னோர் ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்தியது: பென்சோடயசிபைனை விட்டு ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்குத்தான் பஸ்பிரோன் எடுபடுவது குறைவு, எப்போதோ போட்டு விட்டவர்களுக்கு, போடவே போடாதவர்கள் அளவுக்கு எடுபடுகிறது. அதாவது பழைய மாத்திரை உடம்பை நிரந்தரமாகக் கெடுத்துவிடவில்லை. அதை விட்ட சூட்டில் வரும் நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு எல்லாவற்றையும் பஸ்பிரோன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பென்சோடயசிபைனைத் திடீரென்று நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பஸ்பிரோனை வைத்தால் அது தாங்கிப் பிடிக்காது, ஏனென்றால் அது காபா பக்கமே இல்லை. சட்டென்று நிறுத்துவதால் வரும் வலிப்பை அதால் தடுக்க முடியாது. பழையதை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கு முன்பே புதியதைத் தொடங்கி வேர் பிடிக்க விடலாம். இது முழுக்க மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, கடையில் கேட்டு வாங்கிச் செய்யக் கூடியது இல்லை. அந்த அம்மாவிடமும் இதையே சொல்லி, பழைய மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டேன். எட்டு நாள் முன்பு, ஒரே அடியாக. அன்று சாயங்காலமே மருத்துவரைப் பார்க்க அனுப்பினேன், அவர் பழையதைச் சின்ன அளவில் திரும்பத் தொடங்கி, படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார்.

நிறுத்தும்போது பஸ்பிரோன் எப்படி? ரிக்கல்ஸ் குழுவே 1988-இல் குளோரசெபேட் என்ற பென்சோடயசிபைனையும் பஸ்பிரோனையும் ஆறு மாதம் கொடுத்து, பிறகு சொல்லாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தது. குளோரசெபேட் போட்டவர்கள் அவதிப்பட்டார்கள், பஸ்பிரோன் போட்டவர்களுக்கு அந்த அவதி இல்லை. அடிமைப்படுத்தாது, மூச்சை அமுக்காது, வயதானவரை ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாட வைக்கும் வாய்ப்பும் பென்சோடயசிபைனைவிடக் குறைவு. எழுபது வயதுக்காரர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

அதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. எந்நேரமும் இருக்கும் பொதுவான பதற்றத்துக்குத்தான் இது. திடீரென்று நெஞ்சை அடைத்து, செத்துவிடுவோம் என்று தோன்ற வைக்கும் பீதித் தாக்குதலுக்கு இது பலனளிப்பதாக நிரூபணம் இல்லை. தேவைப்படும்போது மட்டும் ஒன்று என்று போடுவதற்கும் இது ஆகாது. மனச்சோர்வுக்கு சிட்டலோபிராம் போட்டும் தேறாதவர்களுக்குக் கூடுதல் மருந்தாக இதையும் புப்ரோப்பியோன் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தையும் ஒப்பிட்ட 2006-ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்க ஆய்வில் இரண்டிலும் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் குணமானார்கள், ஆனால் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்கள் பஸ்பிரோன் பக்கம்தான் அதிகம்.

வேறு இடங்களிலும் இதற்கு வேலை இருக்கிறது. இதயம் நின்று மீண்டவர்களின் உடம்பைக் குளிர்விக்கும்போது நடுக்கம் வராமலிருக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைக் கொடுப்பதுண்டு, 5-ஹெச்டி1ஏ உடல் வெப்பக் கட்டுப்பாட்டிலும் பங்கெடுப்பதால். பெல்ஜியத்தின் லூவனில் ஜான் டாக் குழு 2012-இல், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு 10 மில்லிகிராம் கொடுத்து, இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பதைக் காட்டியது. சின்ன ஆய்வுதான். பதற்றமும் வயிற்று உப்புசமும் சேர்ந்தே இருக்கிறவர்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவதால் எனக்கு அதில் தனி ஆர்வம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதியிருந்தால் நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள், எப்போதும் ஒரே மாதிரி, முன் என்றால் முன், பின் என்றால் பின். வேறு எந்தச் சீட்டு வாங்கப் போனாலும் இந்த அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். முன்பு போட்ட தூக்க மாத்திரை, பயத்துக்கான மாத்திரை எதுவாக இருந்தாலும், யாரும் எழுதாமல் கடையில் வாங்கியதாக இருந்தாலும்கூட, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிறுத்திய தேதியையும் சேர்த்து.